குணமளிக்கும் வழிபாட்டில் ஒரு நாள்: பார்த்தது, படித்தது, மாத்திரை டப்பா

போன வருஷம் ஒரு முதல் சனிக்கிழமை, என் மாமியாரை ஒரு கத்தோலிக்க குணமளிக்கும் வழிபாட்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவங்களுக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்தால்தான் டம்ளர் பிடிக்க முடியும். மாமா தவறிய பிறகு வலி இன்னும் கூடிடுச்சு. "மாப்பிள்ளை, ஒரு எட்டு கொண்டு போய் விட்டுட்டு வந்துருங்க, நான் சாயந்திரம் பஸ்ஸில வந்துக்குவேன்"ன்னாங்க. அந்தக் கையோடு பஸ் கம்பியைப் பிடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனால் நானும் முழு நாளும் உட்கார்ந்தேன்.

நான் கத்தோலிக்கன் இல்லை. பெண் எடுத்த வீடு கத்தோலிக்க வீடு. பதினாறு வருஷமாகத் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றிலும் பின்வரிசையில் நின்றிருக்கிறேன். குணமளிக்கும் வழிபாட்டுக்கு மட்டும் போனதில்லை. கேலி செய்யவும் போகவில்லை, நம்பியும் போகவில்லை. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு எழுதினதையும், அதற்கப்புறம் படித்ததையும், மூன்று வாரம் கழித்து எங்க வீட்டில் நடந்ததையும் சேர்த்து இங்கே வைக்கிறேன். முதல் இரண்டும் என் ஆர்வம். மூன்றாவதற்காகத்தான் இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

அன்று நடந்தது, வரிசையாக

இடம் மதுரைக்குத் தெற்கே ஒரு தியான இல்லம். தகரக் கூரை போட்ட பெரிய மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். தலையை எண்ணிப் பார்த்தேன்: வரிசைக்கு முப்பது, நாற்பது வரிசை. சுமார் 1,200 பேர். பாதிக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் ஐம்பது வயசைத் தாண்டினவங்க. நெற்றியில் குங்குமம் வைத்தவங்களும் கணிசமா இருந்தாங்க. பக்கத்தில் இருந்த அம்மா, "நாங்க வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க, இங்க மாசா மாசம் வந்துருவோம்"ன்னாங்க. கேட்டால், அவங்க குலதெய்வம் அய்யனார்.

ஒன்பதரைக்கு ஜெபமாலை. அப்புறம் பாட்டு, துதி ஆராதனை. கீபோர்டும் டிரம்ஸும் உண்டு. முதலில் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி, எல்லாரும் கையைத் தூக்கி, ஒரு கட்டத்தில் ஆளாளுக்கு வார்த்தை இல்லாத ஒலியில் ஜெபிக்க ஆரம்பித்தாங்க. பரவசப் பேச்சுன்னு சொல்வது இதைத்தான். பிறகு ஒரு மணி நேரம் அருளுரை. தலைப்பு மன்னிப்பு. அதே நேரத்தில் மண்டபத்தின் ஓரத்தில் நாலு சாமியார்கள் நாற்காலி போட்டு பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தாங்க. வரிசை குறையவே இல்லை. அடுத்து திருப்பலி. மதியம் சாம்பார் சாதம், ஊறுகாய், இலவசம்.

"குணமளிக்கும்" பகுதி மதியத்துக்கு மேல்தான். நற்கருணையைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தில் நிறுவினாங்க. விளக்குகளைக் குறைச்சாங்க. தூபம். சாமியார் தோளில் போர்த்திய துகிலின் முனையால் கதிர்ப்பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நடைவழியிலும் மெதுவாக நடந்து வந்தார். மேடையில் இன்னொருவர் மைக்கில்: "இடது முழங்கால் வலியோடு ஒரு தாய் வந்திருக்கீங்க, ஆண்டவர் உங்களைத் தொடுகிறார். நெஞ்சில் பாரத்தோடு ஒரு சகோதரர் இருக்கீங்க, ஆண்டவர் உங்களைத் தொடுகிறார்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மண்டபத்தில் எங்கேயாவது ஒரு அழுகை கேட்டுச்சு. கடைசியில், குணமானவங்க முன்னால் வந்து சாட்சியம் சொல்லலாம்னு அழைச்சாங்க. ஒன்பது பேர் போனாங்க.

அத்தை போகவில்லை. ஆனால் கதிர்ப்பாத்திரம் எங்க வரிசையைக் கடந்தபோது அவங்க அழுததை நான் பார்த்தேன். மாமா அடக்கத்தன்றுகூட அவங்க அப்படி அழவில்லை.

எது அருட்சாதனம், எது இல்லை

வெளியில் இருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. படித்துப் பார்த்தால் கத்தோலிக்கத் திருச்சபை இதையெல்லாம் நாலு தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறது.

முதல் பெட்டி, நோயில்பூசுதல். ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. ஆயரும் குருவும் மட்டுமே தர முடியும். அதற்கான எண்ணெயை வழக்கமாகப் பெரிய வாரத்தில் ஆயர் மந்திரிப்பார். வேதாகமத்தில் இதற்கு அடிப்படையாகக் காட்டுவது யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். பழைய ஆட்கள் இதை "அவஸ்தைப் பூசுதல்"னு சொல்வாங்க. சாமியார் எண்ணெயோடு வீட்டுக்குள் வந்தால் ஆள் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இந்தப் பார்வையை மாற்றியது. சாகிறவங்களுக்கு மட்டும் இல்லை, நோயோ முதுமையோ ஆபத்தான நிலைக்குக் கொண்டுவரத் தொடங்கும்போதே பெறலாம்னு சொன்னது. 1972இல் புதிய சடங்குமுறை வந்தது.

இரண்டாவது, குணம் வேண்டி ஜெபிப்பது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் போன கூட்டம் இந்த வகை. அங்கே கொடுக்கிற மந்திரித்த எண்ணெயும், பாட்டிலில் கொண்டுவந்து மந்திரிக்கிற தண்ணீரும் அருட்சாதனம் கிடையாது.

மூன்றாவது, திருத்தலங்கள். வேளாங்கண்ணி, லூர்து மாதிரி.

நான்காவது, பேயோட்டுதல். இதற்கு ஆயரின் தனி அனுமதி பெற்ற குரு வேண்டும். குணமளிக்கும் வழிபாட்டோடு இதைக் கலக்கக் கூடாது.

என் அத்தைக்கே முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "எண்ணெய் எண்ணெய்தானே மாப்பிள்ளை"ன்னாங்க.

இது எங்கிருந்து வந்தது

டிரம்ஸும் கை தூக்கலும் பழைய கத்தோலிக்க வழக்கம் இல்லை. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டியூகேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு வார இறுதித் தியானத்துக்குப் போனாங்க. பெந்தெகொஸ்தே சபைகளில் சொல்லப்படுகிற "ஆவியில் ஞானஸ்நானம்" தங்களுக்கும் கிடைத்ததாகச் சொல்லித் திரும்பி வந்தாங்க. கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்வது இதைத்தான். பெல்ஜியத்தின் கர்தினால் சூனென்ஸ் இதற்குத் துணையாக நின்றார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ரோமில் இவங்களைச் சந்தித்துப் பேசினார். எட்டே வருஷத்தில் ஒரு மாணவர் தியானம் புனித பேதுரு பேராலயம் வரை போயிருக்கிறது.

இந்தியாவில் எழுபதுகளில் பரவ ஆரம்பித்தது. தென்னிந்தியாவில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர் கேரளத்தில் சாலக்குடி பக்கம் முரிங்ஙூரில் வின்சென்சியன் சபையினர் நடத்தும் டிவைன் தியான மையம். பல மொழிகளில் ஒரு வாரத் தியானம் நடக்கும். நம்ம ஊர்த் தியான இல்லங்களில் பார்க்கிற வடிவத்துக்கும் அதற்கும் ரொம்ப ஒற்றுமை.

தேடும்போது கிடைத்த இன்னொரு தகவல் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு 1906 லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்களைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னாடியே, 1860இல், பழைய திருநெல்வேலிப் பகுதியில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களிடையே ஓர் எழுப்புதல் நடந்திருக்கிறது. அதில் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்ததாகப் பதிவுகள் இருக்கு. அதை முன்னின்று நடத்தியவர் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழர். அந்த இயக்கத்துக்கும் இன்றைய கத்தோலிக்கக் கூட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் "இது அமெரிக்காக்காரன் சரக்கு"ன்னு ஒரே வரியில் தள்ளவும் முடியாது.

ரோம் போட்ட விதிகள்

இந்தக் கூட்டங்கள் பெருகினதைப் பார்த்து 2000 செப்டம்பர் 14 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட். அதன் சாரம் என் வார்த்தையில்:

- நோயாளி குணமாக ஆசைப்படுவதும் அதற்காக ஜெபிப்பதும் நல்லதே. அதற்காக மருத்துவத்தை விட வேண்டியதில்லை.
- வழிபாட்டு முறைப்படி நடக்கும் குணமளிக்கும் சடங்குக்கு ஆயரின் அனுமதி வேண்டும்.
- வெறிக்கூச்சல், செயற்கைத்தனம், நாடகத்தனம், பரபரப்பு கூடாது. நடத்துகிறவங்களுக்கு இது முக்கியமாகப் பொருந்தும்.
- இந்த ஜெபங்களைத் திருப்பலிக்குள் நுழைக்கக் கூடாது. நோயாளிகளுக்கான மன்றாட்டு அங்கே தனியாக இருக்கிறது.
- குணம் நடந்ததாகத் தோன்றினால் அமைதி காத்து, கூட்டம் முடிந்த பிறகு சாட்சியங்களைத் துல்லியமாகச் சேகரித்துத் திருச்சபை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

கடைசி விதியை மறுபடி படிங்க. ஒரு மென்பொருள்காரனுக்கு இது நல்லாவே புரியும். லைவில் அறிவிக்காதே, முதலில் பதிவு செய், பிறகு பரிசோதனைக்கு அனுப்பு. நான் போன கூட்டத்தில் திருப்பலியும் குணமளிக்கும் ஜெபமும் தனித்தனியாகத்தான் நடந்தன. கடைசி விதி மட்டும் காற்றில் போச்சு. ஒன்பது பேரும் அங்கேயே மைக்கில் பேசினாங்க. பெயர், ஊர், நோய், டாக்டர் சீட்டு எதையும் யாரும் எழுதிக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

இடது முழங்கால் கணக்கு

"இடது முழங்கால் வலியோடு ஒரு தாய்" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் சுற்றி இருந்தவங்களுக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நான் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். கூட்டத்தில் 1,200 பேர். பாதிக்கு மேல் நடுவயதைத் தாண்டிய பெண்கள். இருபதில் ஒருத்தருக்கு இடது முழங்கால் வலி இருக்குன்னு குறைச்சலாகவே வைத்துக்குவோம். அந்தப் பெண்களில் மட்டும் குறைந்தது முப்பது பேர். "ஒரு தாய்"னு கூப்பிட்டால் முப்பது பேரும் "என்னைத்தான்"னு நினைப்பாங்க. ஒருத்தரும் நினைக்காமல் போக வாய்ப்பே கிடையாது. மைக்கில் பேசினவர் ஏமாற்றினார்னு நான் சொல்ல வரவில்லை. அவர் மனசார நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு கணிப்பு எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் பலிக்கும்னா, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சாட்சியத்துக்கும் இதே சிக்கல். 1,200 பேரில் ஒன்பது பேர் முன்னால் போனாங்க. மீதி 1,191 பேருக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்பது பேரும் அடுத்த மாசம் எப்படி இருந்தாங்கன்னும் தெரியாது.

இதை ஒருத்தர் நிஜமாகவே பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். வில்லியம் நோலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். கேத்ரின் கூல்மன் என்ற பெண் போதகரின் பெரிய கூட்டங்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ரொம்பப் பிரபலம். அவர் கத்தோலிக்கர் இல்லை. ஒரு கூட்டத்தில் குணமானதாகச் சொன்ன 23 பேரை நோலன் பிறகு விசாரித்தார். ஒருத்தரிடமும் உடல்நோய் தீர்ந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லைன்னு 1974இல் வந்த புத்தகத்தில் எழுதினார். அவங்களில் ஒரு பெண்ணுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். மேடையில் இடுப்புப் பட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடிக் காட்டியிருக்கிறார். மறுநாள் முதுகெலும்பு நொறுங்கிடுச்சு. நாலு மாசத்தில் இறந்துட்டார்.

அந்த ஓட்டம் பொய் இல்லை. அவர் உண்மையிலேயே வலி இல்லாமல் ஓடியிருக்கிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

வலி குறைவதும் நோய் குறைவதும்

1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தாங்க. வெறும் போலி மருந்தால் வலி குறைந்தவங்களுக்கு நலாக்ஸோன் என்ற, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்தபோது, வலி திரும்பிடுச்சு. அதாவது, எதிர்பார்ப்பு மூளைக்குள் நிஜமான வலிநிவாரணியைச் சுரக்க வைத்திருக்கிறது. "எல்லாம் மனசு"ன்னு சொல்லி ஒதுக்குவது அறிவியல்படியும் தப்பு. அது மனசோடு நிற்கவில்லை, ரசாயனத்திலும் நடக்குது.

2011இல் நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்துமா ஆய்வு இன்னும் தெளிவு. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாளில் உண்மையான இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர் கொடுத்தாங்க, ஒரு தடவை எதுவுமே கொடுக்கவில்லை. "எவ்வளவு தேவலாம்?"னு கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 சதவீதம், போலிகளுக்கு 45, 46 சதவீதம் முன்னேற்றம்னு சொன்னாங்க. எதுவும் கொடுக்காதபோது 21. ஆனால் நுரையீரலை ஊதவைத்து அளந்தபோது உண்மை மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான். நோயாளிகள் பொய் சொல்லவில்லை. மூச்சுவிடச் சுலபமா இருக்குன்னு நிஜமாகவே உணர்ந்தாங்க. நுரையீரல் மட்டும் அப்படியே இருந்துச்சு.

2008இல் குடல் எரிச்சல் நோய் பற்றி டெட் கப்சுக் குழு செய்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்கணும். 262 நோயாளிகள். காத்திருப்புப் பட்டியலில் வைத்தவங்களில் 28 சதவீதம் பேருக்கு போதுமான நிவாரணம். போலி அக்குபங்சர் மட்டும் பெற்றவங்களில் 44. அதே போலி ஊசியோடு, மருத்துவர் நேரம் ஒதுக்கி, அன்போடு கேட்டுப் பேசினபோது 62.

இதைப் படித்ததும் எனக்கு மண்டபம் ஞாபகம் வந்துச்சு. அத்தையின் மூட்டு டாக்டர் நல்லவர்தான். ஆனால் வெளியில் அறுபது டோக்கன். அவர் அறையில் எங்களுக்குக் கிடைப்பது நாலு நிமிஷம். தியான இல்லத்தில் ஒரு வயசான கன்னியர் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எந்த விரல் முதல்ல வலிக்க ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டாங்க. பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதோடு இன்னொரு எளிய காரணம்: முடக்குவாதம் ஏறி இறங்குகிற நோய். ரொம்ப மோசமான வாரத்தில்தான் கூட்டத்துக்குப் போகத் தோணும். மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் கொஞ்சம் தேவலாமாகத்தான் இருக்கும், எங்கேயும் போகாவிட்டாலும்.

தூரத்தில் இருந்து ஜெபிப்பதைத் தனியாகவும் சோதித்திருக்கிறாங்க. 2006இல் பென்சன் குழு 1,802 இதய பைபாஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. ஜெபம் நடக்குமோ நடக்காதோன்னு தெரியாமல், ஜெபம் கிடைத்தவங்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல். அதே மாதிரி தெரியாமல், ஜெபம் கிடைக்காதவங்களில் 51. ஜெபம் நிச்சயம் நடக்குதுன்னு தெரிந்தவங்களில் 59. கடவுள் இல்லைன்னு இது நிரூபிக்கவில்லை. கடவுளை ஏ/பி டெஸ்ட்டுக்குள் உட்கார வைக்க முடியாதுன்னு ஒரு விசுவாசி சொன்னால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் ஜெபத்தை மருந்துக்குப் பதிலாக வைக்க முடியாதுங்கிறது மட்டும் தெளிவு.

லூர்து வைத்திருக்கும் வடிகட்டி

திருச்சபையே இதில் எவ்வளவு கறாராக இருக்க முடியும்கிறதுக்கு லூர்து ஓர் உதாரணம். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா 18 தடவை காட்சி கொடுத்ததாக நம்பப்படுகிற பிரெஞ்சு ஊர். 1883இல் அங்கே ஒரு மருத்துவப் பணியகம் தொடங்கினாங்க. எந்த மதத்து டாக்டரும், மதமே இல்லாத டாக்டரும் வந்து கோப்புகளைப் பார்க்கலாம். இதுவரை சுமார் ஏழாயிரம் பேர் குணமானதாக அங்கே பதிவு செய்திருக்கிறாங்க. அற்புதம்னு திருச்சபை ஏற்றுக்கொண்டது எழுபதைக் கொஞ்சம் தாண்டும். நூறில் ஒன்றுதான் தேறுது.

அளவுகோல் பதினெட்டாம் நூற்றாண்டில் லம்பெர்த்தினி என்ற திருச்சபைச் சட்ட அறிஞர் எழுதினது, பின்னாளில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆனவர். நோய் கடுமையானதாக இருக்கணும். தானாகக் குறைகிற கட்டத்தில் இருக்கக் கூடாது. கொடுத்த மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது. குணம் திடீர்னு, முழுசாக, நிலையாக இருக்கணும். எழுபதாவது வழக்கு பெர்னதெத் மொரியோ என்ற பிரெஞ்சுக் கன்னியருடையது. 2008இல் குணமானதாகச் சொன்னார், 2018இல்தான் அறிவித்தாங்க. பத்து வருஷம். அப்பவும் டாக்டர்கள் "அற்புதம்"னு சொல்வதில்லை. "இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை"ன்னு மட்டும் சொல்வாங்க. அற்புதம்னு அறிவிப்பது சம்பந்தப்பட்ட மறைமாவட்ட ஆயர். எங்க தொழிலில், காரணம் கண்டுபிடிக்க முடியாத பிழையைப் பற்றி எழுதும்போது நாங்களும் இப்படித்தான் ஜாக்கிரதையாக எழுதுவோம்.

காட்சி கண்ட பெர்னதெத் ஆஸ்துமாவோடு வாழ்ந்து, காசநோயில் 1879இல் தன் 35ஆவது வயசில் இறந்தார். அவரைப் புனிதையாக்கிய திருச்சபை அதை மறைக்கவில்லை.

மாத்திரை டப்பா

இப்போ வீட்டுக்கதை. கூட்டத்துக்குப் போய் வந்த வாரம் அத்தை நல்லா இருந்தாங்க. மாவு அரைச்சாங்க. பேத்திக்குத் தலை பின்னினாங்க. என் மனைவி சந்தோஷத்தில் அழுதுட்டா. எனக்கும் சந்தோஷம்தான்.

அத்தைக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. தினமும் போட்டால் ஆபத்துங்கிறதால் நானே ஒரு டப்பாவில் வாரக்கணக்கில் பிரித்து வைப்பேன். மூணாவது ஞாயிறு டப்பாவைத் திறந்தால் மூணு வார மாத்திரையும் அப்படியே இருக்கு. கேட்டேன். "சாட்சி சொன்ன ஒரு அக்கா சொன்னாங்க மாப்பிள்ளை. மாத்திரை போட்டா ஆண்டவர நம்பலன்னு ஆயிருமாம்."

மேடையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டு வரிசையில் யாரோ ஒருத்தர் சொன்னது. நான் முதலில் செய்த தப்பு, நோட்டை எடுத்து நோலன், நலாக்ஸோன்னு வகுப்பெடுத்தது. அத்தை முகம் இறுகிடுச்சு. "உங்களுக்கு விசுவாசம் இல்ல, விடுங்க"ன்னாங்க. அவங்க கையைப் பிடித்து, "அந்த நிம்மதி நிஜம் அத்தை, அதை யாரும் உங்ககிட்ட இருந்து எடுக்கல"ன்னு முதலில் சொல்லியிருக்கணும். மனைவி சொன்ன பிறகுதான் எனக்கு உறைச்சுது.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு முந்தைய பரிசோதனையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்துச்சு. வலி குறைந்திருந்த அதே நாட்களில் மூட்டுக்குள் நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆஸ்துமா ஆய்வின் இரண்டு எண்களும் எங்க வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்துச்சு. முடக்குவாதத்தில் மூட்டு ஒருமுறை அரிச்சுப் போனால் திரும்ப வராது.

அத்தை என் பேச்சைக் கேட்கலை, ரிப்போர்ட்டையும் கேட்கலை. அதனால் அவங்க பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்கவில்லை. "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரும்மா? டாக்டரை யாரு படைச்சா?"ன்னு கேட்டார். பைபிளில் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து, மருத்துவரை மதிக்கச் சொல்கிற பகுதியை அத்தையையே வாசிக்கச் சொன்னார். புராட்டஸ்டன்ட் பைபிளில் இந்த நூல் பெரும்பாலும் இருக்காது, கத்தோலிக்க பைபிளில் இருக்கு. அத்தை வாசிச்சாங்க. அன்றைக்கு ராத்திரியே டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சோம்.

போகிறவங்களுக்கும் கூட்டிப்போகிறவங்களுக்கும்

எங்க அனுபவத்தில் இருந்து சில விஷயம்:

1. வீட்டில் யாராவது போக ஆசைப்பட்டால் தடுக்காதீங்க, கூடப் போங்க. தனியாகப் போனால் சாப்பாட்டு வரிசையில் என்ன காதில் விழுதுன்னு உங்களுக்குத் தெரியாது.
2. போவதற்கு முன்னாலேயே ஓர் ஒப்பந்தம்: டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையும் நிற்காது. வலிப்பு மாத்திரை, இன்சுலின், ஸ்டீராய்டு, ரத்த அழுத்த மாத்திரை இதெல்லாம் திடீர்னு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.
3. குணமாயிட்டதாக உணர்ந்தால் சந்தோஷப்படுங்க, பரிசோதனையும் செய்யுங்க. லூர்தில் அதைத்தான் செய்யறாங்க.
4. குணம் கிடைக்காவிட்டால் "விசுவாசம் பத்தலை"ன்னு நோயாளியின் மேல் பழி போடுகிற இடமா இருந்தால் எழுந்து வந்துருங்க. பெர்னதெத்துக்கு விசுவாசம் பத்தலையா?
5. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு இதையெல்லாம் தாயத்து, மந்திரம் மாதிரியான மாய முறையில் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்குது. எந்த மதத்துப் போஸ்டரிலும் அப்படி உறுதி கொடுத்திருந்தால் தள்ளி நில்லுங்க.
6. வகுப்பெடுக்காதீங்க. அவங்க மதிக்கிற ஒருத்தர் வாயால் சொல்ல வையுங்க.

அத்தை இப்பவும் முதல் சனிக்கிழமை போறாங்க, நானும்தான். மாத்திரை டப்பா அவங்க கைப்பையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் இருக்கு. போன மாசம் அந்த வயசான கன்னியர் என்னிடம் வந்து, "நீங்க என்ன தம்பி எழுதிக்கிட்டே இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நோட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, "சாட்சியம் சொல்றவங்க பேரு, டாக்டர் சீட்டு எல்லாம் எழுதி வைக்க ஒரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா ஃபாதர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க செய்வீங்களா?"ன்னாங்க.

அடுத்த மாசத்தில் இருந்து செய்யலாம்னு இருக்கேன். ஒரு எக்செல் தாளில் பெயர், நோய், தேதி, மூணு மாசம் கழித்து ஒரு போன். அதற்கு மேல் எதுவும் யோசிக்கவில்லை.